பெட்ரோல் தொட்டியும் குடிநீர்க் கிணறும்

(முதுகலை வேதியியல், இரண்டாம் ஆண்டு)

பெட்ரோல் பங்கு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பம்பும் அதில் ஓடும் எண்களும்தான். ஆனால் பங்கின் உடல் தரைக்கு மேலே இல்லை. தரைக்குக் கீழே இருக்கிறது. நாம் வண்டியை நிறுத்தும் சிமெண்டுத் தளத்தின் அடியில் இருபதாயிரம் லிட்டர் அளவிலான தொட்டிகள் இரண்டு மூன்று புதைந்து கிடக்கும். அவற்றிலிருந்து பம்புக்குக் குழாய்கள் செல்லும். தீ அபாயம் குறையும், வெயில் படாது, இடமும் மிச்சமாகும் என்பன தொட்டியைப் புதைப்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள். மூன்றும் நல்ல காரணங்களே. ஆயினும் புதைத்த பொருளை எவரும் பார்ப்பதில்லை. கூரையில் ஓட்டை விழுந்தால் தலையில் சொட்டும். தொட்டியில் ஓட்டை விழுந்தால் மண்ணில் சொட்டும். மண் நம்மிடம் வந்து முறையிடுவதில்லை.

1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த சாண்டா மோனிகா என்னும் கடற்கரை நகரம் தன் குடிநீரில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. வறட்சியால் அன்று, கிணறுகளில் நீர் நிறையவே இருந்தது. அந்த நீரில் பெட்ரோலில் கலக்கப்படும் ஒரு வேதிப்பொருள் வந்து சேர்ந்திருந்தது. சுற்றுவட்டாரத்துப் பெட்ரோல் தொட்டிகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் பல ஆண்டுகளாகக் கசிந்ததன் விளைவு அது. எண்ணெய்க் கசிவுகளை ஆராய்வதில் நெடுங்காலப் பழக்கமும், அதற்கெனத் தனிச் சட்டமும், திறமான ஆய்வகங்களும் உடைய ஒரு நாட்டில் இது எப்படி நேர்ந்தது? இக்கேள்வியே என்னை இத்துறை நூல்களைப் புரட்ட வைத்தது. படித்ததை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். பாதி வேதியியலும் பாதி நிலவியலும் கலந்த பொருள் இது. நிலவியல் பகுதியில் சறுக்கல் இருப்பின் அத்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க.

முதலில், தொட்டி ஏன் கசிகிறது? பழைய தொட்டிகள் பூச்சோ பாதுகாப்போ இல்லாத வெற்று இரும்புத் தகட்டால் ஆனவை. ஈர மண்ணில் கிடக்கும் இரும்பு ஒரு மின்கலம் போல் செயல்படுகிறது. தொட்டியின் ஒரு பக்கம் ஈரக் களிமண்ணையும் மறுபக்கம் காற்றோட்டமுள்ள மணலையும் தொட்டுக்கொண்டிருந்தால், காற்றுக் குறைந்த பக்கம் நேர்மின்வாயாகி இரும்பு அங்கே கரையத் தொடங்கும். தகடு முழுவதும் சமமாகத் தேய்வதில்லை. ஊசிமுனை போன்ற ஓர் இடத்தில் குழி விழுந்து அதுவே ஓட்டையாகிறது. தொட்டியைவிட, பம்புக்குச் செல்லும் குழாயின் இணைப்புகளே பல இடங்களில் முதலில் கசிந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இதற்கான தனிச் சட்டம் 1984-இல் வந்தது. விதிகள் 1988-இல் வெளியாயின. பழைய தொட்டிகளை மாற்றவோ, துருப்பிடிக்காதவாறு பாதுகாக்கவோ, மூடிவிடவோ 1998 டிசம்பர் 22 வரை கெடு கொடுக்கப்பட்டது. அச்சட்டம் வந்த நாளிலிருந்து இன்று வரை அந்நாட்டில் உறுதிசெய்யப்பட்ட கசிவுகள் 5 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

கசிந்தால் கணக்கில் தெரியாதா என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் சிக்கல் விளங்கியது.

நொடிக்கு ஒரு துளி வீதம் கசிகிறது என்று கொள்வோம். நம் பியூரெட்டில் 20 துளி ஏறத்தாழ 1 மில்லி லிட்டர். ஒரு நாளைக்கு 86,400 நொடி. ஆகவே நாளொன்றுக்கு 4.3 லிட்டர், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,570 லிட்டர் மண்ணுக்குள் போகிறது. இனி மறுபக்கத்தைப் பாருங்கள். பெட்ரோல் வெப்பத்தால் விரியும் பொருள். வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் மாறினால் 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 1 லிட்டர் அளவு மாறும். 20,000 லிட்டர் தொட்டியில் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினாலோ குறைந்தாலோ 19 லிட்டர் வித்தியாசம் வந்துவிடும். டேங்கர் லாரி வந்து இறக்கும்போது ஆகும் ஆவி இழப்பு, பம்பு அளவில் உள்ள நுண்ணிய பிழை, டிப் ராடு என்று பங்குக்காரர்கள் சொல்லும் அளவுகோலைப் படிப்பவரின் கண் இவையெல்லாம் வேறு. பத்தொன்பது லிட்டர் ஆட்டத்துக்குள் நான்கு லிட்டர் கசிவு எங்கே தெரியப் போகிறது?

இதனால்தான் ஒரு நாள் கணக்கை நம்பாமல் மாதக் கணக்கைப் பார்க்கிறார்கள். வாங்கியது, விற்றது, மீதி இருப்பது ஆகிய மூன்றையும் நாள்தோறும் எழுதி மாத முடிவில் கூட்டிப் பார்க்கும் முறை இது. அமெரிக்க விதிப்படி மாத விற்பனையில் 1 விழுக்காட்டுடன் 130 காலன் சேர்த்து வரும் அளவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஐயப்பட வேண்டும். 130 காலன் என்பது 490 லிட்டருக்குச் சற்று மேல். நம் துளிக்கசிவோ மாதத்துக்கு 130 லிட்டர்தான்! தொட்டியை மூடிவைத்துச் செய்யும் கசிவுச் சோதனை ஒன்றும் உண்டு. அது மணிக்கு 0.1 காலன், அதாவது 380 மில்லி லிட்டர் கசிவைக் கண்டுபிடிக்கும் திறன் உடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. நம் கசிவு மணிக்கு 180 மில்லி லிட்டர். அந்தச் சோதனையிலும் அது தேறிவிடக்கூடும்.

ஆக, ஏடுகள் சரியாக இருப்பதால் மண் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மண்ணையே கேட்க வேண்டியிருக்கிறது.

மண்ணுக்குள் போன எண்ணெய் என்ன செய்கிறது என்பதைக் காண நானும் என் வகுப்புத் தோழர் இருவரும் ஆய்வகத்தில் ஓர் எளிய சோதனை செய்தோம். அடியில் குழாய் பொருத்திய நீண்ட கண்ணாடிக் குழலில் கழுவிய ஆற்று மணலை நிரப்பி, அடியிலிருந்து பாதி உயரம் வரை நீர் ஏற்றினோம். மேலேயிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். ரேஷன் மண்ணெண்ணெயில் ஏற்கெனவே நீலச் சாயம் இருப்பதால் சாயம் வாங்கும் செலவு மிச்சம். பெட்ரோலை வைத்துச் செய்ய ஆய்வக உதவியாளர் அனுமதிக்கவில்லை. அவர் செய்தது முற்றிலும் சரி.

எண்ணெய் மணலில் இறங்கியது. இறங்கிய வழியெல்லாம் கொஞ்சத்தை விட்டுவிட்டுச் சென்றது. மணற்பொடிகளின் இடுக்குகளில் ஒட்டிக்கொண்ட அந்த எண்ணெய் எவ்வளவு நேரம் காத்திருந்தும் கீழே வரவில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நுண்புழை ஏற்றத்தால் ஈரமாகியிருந்த பகுதியை அடைந்ததும் எண்ணெய் நின்று பக்கவாட்டில் பரவியது. எண்ணெய் நீரைவிட இலேசானது அல்லவா? இதுவரை நாங்கள் எதிர்பார்த்ததே நடந்தது. பிறகு அடிக்குழாயைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைத்தோம். நீல வளையமும் கூடவே இறங்கியது. மறுபடியும் நீர் ஏற்றியபோது அந்த வளையம் முழுவதுமாக மேலே வரவில்லை. ஒரு பகுதி நீருக்கு அடியிலேயே சிறைப்பட்டு நின்றது. கோடையில் நீர்மட்டம் இறங்குவதும் மழைக்குப்பின் ஏறுவதும் நிலத்தில் ஆண்டுதோறும் நடப்பவை. ஒவ்வொரு முறையும் எண்ணெய் அந்த உயரம் முழுவதும் பூசப்படுகிறது. மேலே மிதப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்ல இயலாமைக்கு இதுவே காரணம்.

மிதக்கும் எண்ணெயைவிடக் கவலைக்குரியது கரையும் பகுதி. பெட்ரோல் ஒரே பொருள் அன்று. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் பென்சீன், டொலுவீன், எத்தில் பென்சீன், சைலீன் ஆகிய நான்கும் மற்றவற்றைவிட நீரில் அதிகம் கரைபவை. பென்சீன் இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் என்பது நிறுவப்பட்ட உண்மை. குடிநீரில் அது 1 லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அமெரிக்காவில் 5 மைக்ரோகிராம். இந்தியப் பெட்ரோலில் பென்சீன் 1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த 1 விழுக்காடே 1 லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 8.8 கிராம் ஆகும். 10 மைக்ரோகிராமால் வகுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் பென்சீனை உண்கின்றன. 78 கிராம் பென்சீன் முழுவதும் எரிய 240 கிராம் ஆக்சிஜன் வேண்டும் என்பதைச் சமன்பாடு எழுதிப் பார்த்தால் அறியலாம். அதாவது ஏறத்தாழ ஒன்றுக்கு மூன்று. நிலத்தடி நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அது இரண்டரை மில்லிகிராம் பென்சீனுக்குத்தான் போதும். ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் நைட்ரேட், சல்ஃபேட் போன்றவற்றைக் கொண்டு வேறு பாக்டீரியாக்கள் மெதுவாக வேலையைத் தொடரும். மேலும் பென்சீன் மண்ணிலுள்ள கரிமப் பொருளின் மேல் பரப்புக் கவர்ச்சியால் ஒட்டி ஒட்டிப் பின்தங்குகிறது. இவ்விரண்டாலும் பென்சீன் கலந்த நீரோட்டம் தொட்டியிலிருந்து வெகுதூரம் போவதற்கு முன்பே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தார் கசிந்த தொட்டிகள் பலவற்றின் பழைய பதிவுகளைத் தொகுத்து 1995-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பென்சீன் ஓட்டங்கள் பெரும்பாலும் சில நூறு அடிக்குள் நின்றுவிடுகின்றன என்பதே அதன் சாரம். இதை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி விசாரணைக்கு வருவோம். ஒரு பங்கின் மேல் ஐயம் எழுந்தால் ஆய்வாளர் எடுத்தவுடன் துளை போடுவதில்லை. முதல் வேலை காகிதத்தோடும் காலோடும் செய்வது. தொட்டிகள் எப்போது புதைக்கப்பட்டன, குழாய்கள் எவ்வழியே போகின்றன, அதே இடத்தில் இதற்குமுன் வேறு பங்கோ பணிமனையோ இருந்ததா என்று விசாரிக்க வேண்டும். பிறகு சுற்றிலும் நடந்து ஒவ்வொரு கிணற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கிணறு எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் மோட்டார் ஓடுகிறது, நீர் வாடை அடித்ததுண்டா என்று வீட்டுக்காரர்களைக் கேட்க வேண்டும். தொட்டிக்குள் நீர் சேர்கிறதா என்பதும் பார்க்கத்தக்கது. டிப் ராட்டின் நுனியில் நீர் பட்டால் நிறம் மாறும் ஒரு பசையைத் தடவி இறக்குவார்கள். நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் எண்ணெய் வெளியேறும் ஓட்டை வழியாகவே நீரும் உள்ளே நுழையும்.

அடுத்தது மண்ணின் மூச்சைப் பார்ப்பது. தரையில் ஒல்லியான குழாயைச் சில அடி ஆழம் இறக்கி, மண் இடுக்குகளிலுள்ள காற்றை உறிஞ்சி, அதில் எண்ணெய் ஆவி இருக்கிறதா என்று கருவியால் அளப்பார்கள். பல இடங்களில் இவ்வாறு அளந்து வரைபடத்தில் எண்களை இட்டால், ஆவி மிகுந்த பகுதி எது என்று தெரியவரும். துளைகளை எங்கே போடுவது என்று அதன்பிறகே முடிவாகும். துளையிலிருந்து வரும் மண்ணை அடுக்கு அடுக்காகப் பார்த்து எழுதும் வேலை நிலவியலாருக்குரியது. எங்கே மணல், எங்கே களிமண், எங்கே உடைந்த பாறை என்பதை அறியாமல் வேதியியலார் தரும் எண்களுக்குப் பொருளே இல்லை. ஒரு சாண் கனமுள்ள களிமண் அடுக்கு எண்ணெயைப் பத்துப் பதினைந்து அடி பக்கவாட்டில் தள்ளிவிட்டிருக்கலாம். தொட்டிக்கு நேர் கீழே மட்டும் துளை போட்டவர் மண் சுத்தம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

பிறகு கண்காணிப்புக் கிணறுகள். குறைந்தது மூன்று வேண்டும். மூன்றும் ஒரே கோட்டில் இருத்தலாகாது. மூன்றிலும் நீர்மட்டத்தின் உயரத்தைத் துல்லியமாக அளந்தால், நீர்மட்டம் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை ஒரு முக்கோணத்தில் வரைந்துவிடலாம். நிலவியல் தோழர் ஒருவர் இதை எனக்கு விடுதி உணவகத்து மேசையில் மூன்று டம்ளர்களை வைத்து விளக்கினார். நிலத்தின் சாய்வும் நிலத்தடி நீரின் சாய்வும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. பக்கத்தில் ஒரு பெரிய ஆழ்துளைக் கிணறு ஓடிக்கொண்டிருந்தால் நீர் அதை நோக்கியே திரும்பும். கண்காணிப்புக் கிணற்றுக் குழாயின் துளைகளும் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாக அமைந்திருக்க வேண்டும். அவை முழுவதும் நீருக்கு அடியில் இருந்தால் மிதக்கும் எண்ணெய் குழாய்க்கு வெளியே நின்றுவிடும். அளப்பவர் கண்ணுக்குத் தென்படாது.

நீரோட்டத்தின் வேகத்தைக் கணிக்க, பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856-இல் வெளியிட்ட விதியே இன்றும் பயன்படுகிறது. மணலின் நீர் கடத்தும் திறன் நாளொன்றுக்கு 10 மீட்டர், நீர்மட்டச் சாய்வு 1,000 மீட்டருக்கு 2 மீட்டர், இடுக்குகளின் பங்கு கால்வாசி என்று கொண்டால், நீர் நாளொன்றுக்கு 8 சென்டிமீட்டர் நகரும். ஆண்டுக்கு 29 மீட்டர். எறும்புகூடச் சிரிக்கும் வேகம்! ஆனால் இருபது ஆண்டில் அரை கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது.

நீர் மாதிரி எடுப்பதில் வேதியியல் மாணவர்கள் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. பென்சீன் ஆவியாகும் பொருள். குப்பியில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அது நீரை விட்டு அக்குமிழிக்குள் போய்விடும். ஆகவே 40 மில்லி லிட்டர் கண்ணாடிக் குப்பியை விளிம்புக்கு மேல் நீர் குவிந்து நிற்கும்வரை நிரப்பி, மூடி, தலைகீழாகத் தட்டிப் பார்ப்பார்கள். குமிழி எழுந்தால் அந்தக் குப்பி தள்ளுபடி. பாக்டீரியா வழியிலேயே பென்சீனைத் தின்றுவிடாமலிருக்கச் சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பார்கள். பனிக்கட்டியில் வைத்து 14 நாளுக்குள் சோதிக்க வேண்டும். கூடவே தூய நீர் நிரப்பிய ஒரு குப்பியும் திறக்கப்படாமலேயே போய்வரும். அதில் பென்சீன் தென்பட்டால், அது கிணற்றிலிருந்து வந்ததன்று, வழியில் வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்தது என்று அறியலாம். வெறுங்குப்பிக்குப் பயணச்செலவு ஏன் என்று கேட்கும் கணக்கருக்கு இதை விளக்குவது கடினமாகத்தான் இருக்கும்.

ஆய்வகத்தில் வாயு வண்ணப்பிரிகைக் கருவி ஒவ்வொரு பொருளையும் பிரித்து ஒரு முகடாக வரைகிறது. எந்த முகட்டுக்குப் பெயர் சூட்டி அளவு எழுத வேண்டும் என்பது அனுப்பியவர் கேட்டதைப் பொறுத்தது. சாண்டா மோனிகாவின் கதை திரும்புவது இவ்விடத்தில்தான்.

பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலப்பது குறைக்கப்பட்டபோது, அதற்கு மாற்றாக 1979 முதல் அமெரிக்காவில் எம்.டி.பி.இ. என்று சுருக்கமாக வழங்கும் மெத்தில் டெர்ஷியரி பியூட்டைல் ஈதர் சேர்க்கப்பட்டது. 1990-இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம், காற்று மாசு மிகுந்த நகரங்களில் விற்கும் பெட்ரோலில் எடையில் 2 விழுக்காடு ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்றது. அதை நிறைவு செய்ய எம்.டி.பி.இ. கன அளவில் 11 விழுக்காடு வரை கலக்கப்பட்டது. நோக்கம் நல்லது, வண்டிப் புகையில் கார்பன் மோனாக்சைடு குறைந்தது.

ஆனால் அதன் பண்புகளைப் பாருங்கள். பென்சீன் 1 லிட்டர் நீரில் 1.8 கிராம் கரையும்; எம்.டி.பி.இ. ஏறத்தாழ 50 கிராம் கரையும். மண்ணில் அது ஒட்டுவதில்லை. மும்மடியாகக் கிளைத்த கார்பன் அணுவும் ஈதர் பிணைப்பும் சேர்ந்திருப்பதால் பெரும்பாலான மண் பாக்டீரியாக்கள் அதை எளிதில் தொடுவதில்லை. பென்சீன் சில நூறு அடியில் களைத்து நிற்க, எம்.டி.பி.இ. நீரின் வேகத்திலேயே நீருடன் நடந்துகொண்டிருக்கும். பென்சீனை அளந்து, ஓட்டம் நின்றுவிட்டது என்று எழுதப்பட்ட வரைபடத்தின் எல்லைக்கோட்டை அது எப்போதோ தாண்டிப் போயிருக்கும். அந்த வரைபடம் பொய்யன்று. கேட்ட கேள்விக்கு அது சரியான விடையே. எம்.டி.பி.இ. பற்றிப் பல காலம் எவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சார்னக் என்னும் இடத்திலும் ஆர்க்கேடியா என்னும் இடத்திலும் சாண்டா மோனிகா நகருக்குக் கிணற்றுத் தொகுதிகள் இருந்தன. சார்னக்கில் எம்.டி.பி.இ. நூறு கோடியில் 610 பங்கு வரையும், ஆர்க்கேடியாவில் 86 பங்கு வரையும் காணப்பட்டது. டர்பன்டைன் போன்ற அதன் வாடையும் கசப்பும் நூறு கோடியில் 20 முதல் 40 பங்கு அளவிலேயே மக்களுக்குத் தெரியத் தொடங்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 1997-ஆம் ஆண்டுக் குறிப்பு. கலிபோர்னியா மாநிலம் சுவை, மணம் கருதி 5 பங்கு என்றும், உடல்நலம் கருதி 13 பங்கு என்றும் பின்னர் எல்லை வகுத்தது. 11 விழுக்காடு கலந்த 1 லிட்டர் பெட்ரோலில் 80 கிராமுக்குமேல் எம்.டி.பி.இ. இருக்கும். அது 5 பங்கு அளவில் கெடுக்கக்கூடிய நீர் 1 கோடியே 60 லட்சம் லிட்டர். நம் நொடிக்கொரு துளிக் கசிவில் இது ஆறே மணிநேரத்தில் போய்விடும்.

1996-இல் இரு தொகுதிகளும் மூடப்பட்டன. நகரம் தொலைவிலிருந்து குழாய்வழி வரும் நீரை விலைக்கு வாங்கியது. யார் தொட்டி என்ற கேள்வி எழுந்தது. சார்னக் கிணறுகளைச் சுற்றி ஒன்றேகால் மைல் வட்டத்துக்குள் ஐயத்துக்குரிய இடங்கள் இருபதுக்கும் மேற்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் நான் மேலே சொன்ன துளை, கிணறு, குப்பி, வரைபடம் அத்தனையும் மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. இதில் வேறொரு சிக்கலும் இருந்தது. கிணறுகள் ஓடிக்கொண்டிருந்தவரை மாசு அவற்றை நோக்கி இழுபட்டது. நிறுத்தியவுடன் நீரின் போக்கு மாறும். அதே நீர்ப்படுகையில் கிணறு வைத்திருந்த மற்றொரு குடிநீர் நிறுவனம், மாசு தன் பக்கம் இழுபட்டுவிடக் கூடாது என்று கருதி நல்ல நிலையிலிருந்த தன் கிணறுகளையும் 1996 அக்டோபரில் நிறுத்திவிட்டது. அந்த முடிவைப் படித்தபோது மூன்று டம்ளர் பாடம் எனக்கு முழுமையாக விளங்கியது.

எண்ணெய் நிறுவனங்களுடன் நடந்த வழக்கு 2003-இல் உடன்பாட்டில் முடிந்தது. கரித்தூள் வடிகட்டிகளுடன் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட்டு, சார்னக் நீர் மீண்டும் வீடுகளுக்கு வந்தது 2010-ஆம் ஆண்டின் இறுதியில். அதாவது பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. கலிபோர்னியாவில் எம்.டி.பி.இ. 2003 முடிவோடு நிறுத்தப்பட்டது. 2006-க்குப் பிறகு நாடு முழுவதுமே அது பெட்ரோலிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது.

நம் பக்கத்திலும் எண்ணெய் நிலத்தடி நீரை அடைந்ததுண்டு. 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணற்று நீரில் எண்ணெய் வாடை அடிப்பதாக மக்கள் முறையிட்டனர். அங்கே கசிந்தது பங்கின் தொட்டி அன்று, நிலத்தடி எண்ணெய்க் குழாய். ஆயினும் மண்ணுக்குள் நடப்பது ஒன்றே. புதிய பங்குகள் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புப் பகுதிகளிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வழிகாட்டு நெறி வகுத்தது. பழைய பங்குகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. என் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுக்கும் அருகிலுள்ள பங்குக்கும் இடையே அறுபது தப்படி தூரந்தான். சென்ற ஆண்டு அக்கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். நிறம், கலங்கல், உப்பு, கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு எல்லாம் எழுதி, குடிக்கத் தகுந்தது என்று விடை வந்தது. நாங்கள் பணம் கட்டியது அவற்றுக்குத்தான். பென்சீன் அந்தப் பட்டியலில் இல்லை. கூடுதல் கட்டணம் செலுத்தி, வாயு வண்ணப்பிரிகைக் கருவி உள்ள ஆய்வகத்தில் தனியே கேட்டால்தான் அது அளக்கப்படும். அதற்கான குப்பியை இப்போது நிரப்பி வைத்திருக்கிறேன், குமிழி இல்லை.

இந்தியப் பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு வரை எத்தனால் சேர்க்கப்படுகிறது. எத்தனால் நீரில் எந்த விகிதத்திலும் கலக்கும், ஆனால் எம்.டி.பி.இ. போல் நிலைத்து நிற்பதன்று. பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. கசிவு ஏற்பட்டால் அவை முதலில் எத்தனாலை உண்டு, நிலத்தடி நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. 46 கிராம் எத்தனாலுக்கு 96 கிராம் ஆக்சிஜன். அதன்பின் பென்சீனுக்கு மிஞ்சுவது மெதுவான வழிகளே. அதனால் பென்சீன் ஓட்டம், எத்தனால் இல்லாத பெட்ரோலில் போவதைவிட அதிக தூரம் போகும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 1995-ஆம் ஆண்டு அறிக்கையில் வந்த சில நூறு அடி என்ற அளவு, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் கசிந்த இடங்களில் எடுக்கப்பட்டதன்று. நம் ஊர் மணலில், நம் ஊர் வெப்பத்தில், இந்தப் பெட்ரோலுக்கு அது எவ்வளவு என்பதை நம் மண்ணில் துளை போட்டுத்தான் அளக்க வேண்டும்.